கோடியக்கரைக் காட்டில் நடந்து பார்க்க விரும்புவோருக்கு: அனுமதி, செலவு, நேரம், பாதை

கோடியக்கரை வன உயிரினச் சரணாலயத்தில் வெளிமான்களை நடந்து சென்று பார்க்க வேண்டும் என்பதற்காக நானும் என் தந்தையும் மன்னார்குடியிலிருந்து மூன்று முறை புறப்பட்டிருக்கிறோம். முதல் முறை, நாள் பார்க்காமல் ஆடி அமாவாசையன்று போய், கடல் நீராட வந்த கூட்டத்தில் சிக்கி, காட்டின் ஓரத்தைக்கூட நிதானமாகப் பார்க்க முடியாமல் திரும்பினோம். இரண்டாம் முறை, அனுமதி முதல் சாப்பாடு வரை எல்லாவற்றையும் தானே ஏற்பாடு செய்வதாகச் சொன்ன ஒருவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு, காலை பத்தரை மணிக்கு அங்கே போய் இறங்கிய பிறகுதான் அனுமதி எதுவும் வாங்கப்படவில்லை என்பது தெரிந்தது. மூன்றாம் முறை எல்லாவற்றையும் நாங்களே முறைப்படி செய்தோம். விடிந்து ஒரு மணி நேரத்திற்குள் எழுபத்தொரு வயதான என் தந்தை, மணல் மேட்டின் விளிம்பில் நின்றபடி, பதினொரு வெளிமான்களை எண்ணினார். முதல் இரண்டு பயணங்களில் நாங்கள் இழந்த பணமும் நேரமும் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. எந்தக் காடு என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

காவிரிப் படுகையின் தென்கிழக்கு முனையில், நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யம் வட்டத்தில் இருப்பது கோடியக்கரைச் சரணாலயம். வேதாரண்யத்திலிருந்து தெற்கே அகத்தியம்பள்ளி உப்பளங்களைக் கடந்து சென்றால் முதலில் கோடியக்காடு கிராமமும், அதற்கப்பால் கடலோரத்தில் கோடியக்கரையும் வரும். இந்த இரண்டு ஊர்களையும் ஒட்டிப் பரந்திருக்கும் காட்டைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

பலர் இதை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். முத்துப்பேட்டை திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே ஜாம்புவானோடையிலிருந்து படகில்தான் போக வேண்டும், அதற்கான அனுமதியும் தனி. ஓர் இடத்தில் வாங்கிய அனுமதி மற்ற இடத்தில் செல்லாது. மான்களும் பழைய பாலை மரங்களும் வேண்டுமென்றால் நீங்கள் போக வேண்டியது கோடியக்கரை. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்டால் இரண்டையும் வண்டிச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவீர்கள்.

2. மாதத்தையும் நாளையும் தேர்ந்தெடுத்தல்

இதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். கோடியக்கரை என்றதும் பூநாரைகளின் படம் நினைவுக்கு வருவதால் எல்லோரும் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் கிளம்புகிறார்கள். வலசைப் பறவைகளுக்கு அது சரியான காலம்தான். ஆனால் நவம்பரும் டிசம்பரும் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் மாதங்கள். புல்வெளியின் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் நின்றுவிடும். களிமண் தரை செருப்பைப் பிடித்து இழுக்கும். மான்கள் மேடான இடங்களைத் தேடிப் பிரிந்து போய்விடும். புயல் எச்சரிக்கை வந்தால் உள்ளே யாரையும் விட மாட்டார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது இந்தப் பகுதியில்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், நவம்பரில் முன்பதிவு செய்துவிட்டு வானிலை அறிக்கையைப் பார்க்காமல் புறப்படுவது எவ்வளவு தவறு என்பது புரியும்.

நடப்பதற்கும் மான்களைப் பார்ப்பதற்கும் பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டு வரையிலான காலம் ஏற்றது. அதிலும் மார்ச் மாதத்தையே நான் பரிந்துரைப்பேன். தரை காய்ந்திருக்கும், வெயில் இன்னும் முற்றியிருக்காது, கடைசிப் பறவைக் கூட்டங்கள் சில மிச்சமிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காட்டுக்குள் குடிநீர் வற்றிப்போவதால் வனத்துறையினர் ஆங்காங்கே அமைத்திருக்கும் தொட்டிகளில் தண்ணீர் நிரப்புவார்கள். அந்தத் தொட்டிகளுக்கு மான்கள் வரும் என்பது உண்மை. அந்த மாதங்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு நீங்கள் நடக்க முடியாது என்பதும் உண்மை. முதியவர்களையோ சிறு குழந்தைகளையோ அழைத்துச் செல்வதாக இருந்தால் மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மாதம் முடிவானதும் நாட்காட்டியில் அமாவாசை என்று வருகிறது என்று பாருங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை ஆகிய நாட்களில் கோடியக்கரையில் கடல் நீராடுவதற்கும் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பதற்கும் சுற்று வட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அவர்கள் வருகை பக்தியின்பாற்பட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்று சாலையெங்கும் வண்டிகள் நிற்கும், ஒலிபெருக்கி ஒலிக்கும், மான்கள் சாலையை விட்டு வெகுதூரம் விலகிப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளும் பொங்கலை ஒட்டிய விடுமுறை நாட்களும் ஓரளவுக்கு இப்படித்தான். செவ்வாய் முதல் வியாழன் வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

3. அனுமதியும் ஆவணங்களும்

இது அரசால் அறிவிக்கப்பட்ட சரணாலயம் என்பதால், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி அனுமதியின்றி உள்ளே நுழைய முடியாது. ஊருக்குப் போகும் தார்ச்சாலை காட்டை ஒட்டியே செல்வதால், சாலையிலிருந்து இறங்கி நாலடி நடந்தால் என்ன என்று தோன்றும். அந்த நாலடிக்கும் அனுமதி வேண்டும்.

நீங்கள் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சரணாலயத்திற்குள் செல்வதற்கான சீட்டு வேறு. வண்டியை விட்டு இறங்கி, ஆளோடு சேர்ந்து நடப்பதற்கான ஒப்புதல் வேறு. முதலாவது நுழைவிடத்தில் கட்டணம் செலுத்தினால் கிடைப்பது. இரண்டாவதற்கு கோடியக்கரை வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே பேச வேண்டும், ஏனென்றால் உங்களோடு நடப்பதற்கு ஒரு காவலரையோ வழிகாட்டியையோ அவர்கள் ஒதுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் இரண்டாம் பயணத்தில், எல்லாம் முடிந்துவிட்டது என்று எங்களிடம் சொன்னவர் இந்த இரண்டையும் செய்யவில்லை. ஆகவே இடைத்தரகர் யாராக இருந்தாலும், உங்கள் பெயரும் தேதியும் எழுதப்பட்ட ரசீதைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நாங்கள் மூன்றாம் முறை செய்தது இதுதான். புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு பக்க விண்ணப்பம் எழுதினோம். அதில் வருபவர்களின் பெயர், வயது, முகவரி, கைப்பேசி எண், வரும் தேதி, நடக்க விரும்பும் நேரம், நோக்கம், வண்டி எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டோம். நோக்கம் என்ற இடத்தில் "பார்வையிடல்" என்று மட்டும் எழுதாமல், "பாலை மரங்களையும் வெளிமான்களையும் நடந்து பார்த்தல், முதியவர் ஒருவர் உடன் வருகிறார்" என்று தெளிவாக எழுதியது நல்ல பயன் தந்தது, நடை குறைந்த பாதையை அவர்களே தேர்ந்தெடுத்துத் தந்தார்கள். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் நினைவூட்டினோம். முதல் நாள் பிற்பகல் நேரில் சென்று கையெழுத்திட்டோம்.

கையில் இருக்க வேண்டியவை: வரும் ஒவ்வொருவரின் ஆதார் அட்டை அல்லது வாக்காளர் அட்டை, அதன் நகல் இரண்டு, விண்ணப்பத்தின் நகல், வண்டியின் பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம். இது கடல் எல்லையை ஒட்டிய பகுதியாகையால் கடலோரக் காவல் குழுமத்தினரும் அடையாள அட்டை கேட்கக்கூடும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் இருந்தால் கடவுச்சீட்டும் விசாவும் அவரிடமே இருக்கட்டும்; விடுதி அறையில் பூட்டி வைத்துவிட்டு வர வேண்டாம்.

ஆராய்ச்சிக்காக வருகிறவர்களுக்கும், தொழில்முறையில் படமெடுக்க வருகிறவர்களுக்கும் நடைமுறை முற்றிலும் வேறு. அதற்கு மாதக்கணக்கில் முன்னதாக, மேலதிகாரிகளுக்கு எழுத வேண்டும். ட்ரோன் கொண்டு வரவே வேண்டாம்.

4. செலவு

கட்டணங்களை அரசு அவ்வப்போது மாற்றியமைப்பதால், தொகையை எழுதுவதைவிட, எவற்றுக்கெல்லாம் பணம் எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்வதே பயன்படும். ஆளுக்கு நுழைவுக் கட்டணம், வண்டிக்குத் தனிக் கட்டணம், கேமராவுக்குத் தனிக் கட்டணம், உடன் வருபவருக்கான ஊதியம் என்று நான்கு இனங்கள் உண்டு. இவற்றில் நுழைவுக் கட்டணம் மிகச் சிறியது. எங்கள் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் போனது, வேதாரண்யத்திலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு போய்வந்ததற்குத்தான். ஆட்டோவை விடியற்காலை முதல் நண்பகல் வரை காத்திருக்கச் சொல்லிப் பேசுகிறீர்களா, அல்லது விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்களா என்பதை முதல் நாளே தெளிவாகப் பேசி முடித்துவிடுங்கள். விட்டுவிட்டு வரச் சொன்னால் குறைந்த செலவு என்று தோன்றும். திரும்பும்போது வெயிலில் சாலையோரம் நிற்க நேர்ந்தால் அந்த மிச்சம் பெரிதாகத் தெரியாது.

பணத்தை ரொக்கமாக, அதுவும் சில்லறையாக எடுத்துச் செல்லுங்கள். காட்டோரத்தில் கைப்பேசி அலைவரிசை வருவதும் போவதுமாக இருக்கும். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்டு வாங்குங்கள். கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

5. போய்ச் சேர்தலும் தங்குதலும்

தஞ்சாவூரிலிருந்து வருபவர்கள் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகவும், கும்பகோணத்திலிருந்து வருபவர்கள் திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாகவும் வேதாரண்யம் வரலாம். நாகப்பட்டினத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியாக நேராக வரலாம். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரையிலான அகல ரயில்பாதை 2023 ஏப்ரலில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ரயிலில் வர விரும்புகிறவர்கள் அகத்தியம்பள்ளியில் இறங்கி, மீதி வழியைச் சாலையில் கடக்கலாம். அந்த ரயிலின் நேரத்தை நம்பி விடியற்காலை நடையைத் திட்டமிட முடியாது. முதல் நாளே வந்துவிடுபவர்களுக்கு அது நல்ல வழி.

முதல் நாளே வந்து தங்க வேண்டும் என்பதைத்தான் வற்புறுத்திச் சொல்கிறேன். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து, நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்து, அதே களைப்போடு மணலில் நடப்பது யாருக்கும் நல்லதல்ல. கோடியக்கரையில் வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. அதற்கு முன்பதிவு தேவை, இருக்கும் அறைகளும் சில. அது கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் விடுதிகள் உண்டு. இரவு உணவையும் எரிபொருளையும் வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். காலை உணவைக் கட்டி எடுத்துக்கொண்டு வருவதே பாதுகாப்பு. எலுமிச்சைச் சாதமும் புளிச்சாதமும் வெயிலைத் தாங்கும். தயிர்ச்சாதம் பத்து மணிக்குள் புளித்துவிடும்.

6. உடையும் பையும்

வெள்ளைச் சட்டை போடாதீர்கள். வெயிலுக்கு வெள்ளை நல்லது என்று நினைத்து நான் அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். புல்வெளியின் ஓரத்தை நெருங்கியபோது உடன் வந்த காவலர், "அந்தச் சட்டையை மறைச்சுக்குங்க சார், அது பார்த்துடுச்சு" என்று மெல்லிய குரலில் சொல்லி, தன் தோளில் கிடந்த காக்கித் துண்டை எடுத்துக் கொடுத்தார். முந்நூறு அடிக்கு அப்பால் நின்ற கலை (ஆண் வெளிமான்) ஒன்று தலையை உயர்த்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. மண் நிறம், மங்கிய பச்சை, பழுப்பு ஆகியவையே ஏற்ற நிறங்கள்.

முழுக்கால் சட்டையும், கணுக்காலை மூடும் காலணியும் வேண்டும். செருப்போடு நடந்தால் நெருஞ்சி முள் குத்தும்; சூரையும் காரையும் சங்கஞ்செடியும் காலைக் கீறும்; பாம்புகளும் உள்ள காடு இது. மான்கள் மேயும் இடங்களில் உண்ணிகள் இருக்கும் என்பதால், காலுறைக்குள் கால்சட்டையின் நுனியைச் செருகிக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்; கடலோர மணலாகையால் அங்கே கிடைக்கும் தண்ணீரில் உப்புச் சுவை இருக்கக்கூடும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளும் குவளைகளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டவை என்பதால், எஃகு பாட்டிலும் துணிப் பையும் போதும். பைனாகுலர் இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொண்டாவது வாருங்கள். அது இல்லாமல் வந்தால் மான் என்பது தொலைவில் ஒரு பழுப்புப் புள்ளியாகவே இருக்கும். தின்பண்டத்தைப் பைக்குள் வைத்துப் பூட்டுங்கள். குரங்குகளுக்குப் பையின் மேல்தான் கண்.

7. நடக்கும் நேரம்

கதிரவன் உதிக்கும் நேரம் இங்கே ஜனவரியில் ஆறரை மணி, மே மாதத்தில் ஐந்தே முக்கால் மணி என்று மாறும். உதயத்திற்குப் பிறகான முதல் இரண்டரை மணி நேரமும், மறைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும்தான் மான்களைப் பார்ப்பதற்குரியவை. இடைப்பட்ட நேரத்தில் புள்ளிமான்கள் நிழலுக்குள் போய்ப் படுத்துவிடும். வெட்டவெளியில் நிற்கும் வெளிமானைக் கானல் அலை மறைத்துவிடும்.

ஆகவே காலையில் முதலில் புல்வெளிக்குச் செல்லுங்கள், வெயில் ஏறியதும் மரங்களுக்குள் திரும்புங்கள். பலரும் நுழைந்ததும் முதலில் தென்படும் காட்டுக்குள் போய், எட்டு மணிக்கு மேல் புல்வெளிக்கு வருகிறார்கள். வரிசை மாறிப்போவதால் இரண்டுமே கெடுகின்றன. உங்களோடு வரும் காவலரிடம் இந்த வரிசையை முதல் நாள் மாலையிலேயே சொல்லி வையுங்கள். மூன்று மணி நேரத்தில் நான்கு கிலோமீட்டர் என்பது மணல் பாதையில் போதுமான நடை. என் தந்தையால் அதை முடிக்க முடிந்தது, இடையில் மூன்று இடங்களில் உட்கார்ந்தார்.

8. பாலை மரங்களைப் பார்க்கும் முறை

பழமையான காடு என்றதும் அண்ணாந்து பார்க்க வேண்டிய மரங்களை எதிர்பார்த்து வருகிறவர்கள், இங்கே தலைக்குச் சற்று மேலே முடிந்துவிடும் மரக்கூட்டத்தைக் கண்டு ஏமாந்துபோகிறார்கள். சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் மட்டுமே பெரும்பாலும் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடு என்னும் வகையைச் சேர்ந்தது இது. ஆண்டில் பல மாதங்கள் மழை இல்லை, காலடியில் மணல், ஓயாத உப்புக் காற்று; இவற்றுக்கு நடுவே இலை உதிர்க்காமல் நிற்க வேண்டுமானால் மரம் குள்ளமாகவும், இலை தடிப்பாகவும், வளர்ச்சி மிக மெதுவாகவும்தான் இருக்க முடியும். இங்கே வயதை உயரத்தால் அளக்கக் கூடாது; அடிமரத்தைப் பார்க்க வேண்டும்.

பாலையை அடையாளம் காண இலையைக் கையில் தொட்டுப் பாருங்கள், பறிக்க வேண்டாம். தோல் போலத் தடித்த, மேற்புறம் பளபளக்கும் இலையின் நுனி கூர்மையாக முடியாமல், ஒரு சிறு கடி கடித்தாற்போல் உள்வாங்கியிருக்கும். பட்டை கரும் சாம்பல் நிறத்தில் ஆழமாக வெடித்திருக்கும். கீறினால் பால் வடியும், பெயரும் அதனால்தான். இதன் வைரம் பாய்ந்த கட்டையில்தான் அக்காலத்தில் உலக்கை செய்தார்கள். உலக்கைப் பாலை என்ற பெயரை என் தந்தை சிறு வயதில் கேட்டிருக்கிறார், மரத்தை அன்றுதான் பார்த்தார்.

நாங்கள் நின்று பார்த்த ஒரு மரத்தை இங்கே சொல்ல வேண்டும். அடிமரம் நேராக எழாமல், கயிற்றை முறுக்கியது போல ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்பளவு உயரத்தில் நிலத்தோடு இணையாகச் சாய்ந்து, மேலும் பத்தடி தள்ளி மறுபடி எழுந்திருந்தது. சாய்ந்த பகுதியின் அடியில் மணல் குழிந்து, அங்கே புள்ளிமான்கள் படுத்து எழுந்த தடமும் புழுக்கைகளும் கிடந்தன. அதற்கு இருபதடி அப்பால் புயலில் வேரோடு சாய்ந்த மற்றொரு மரம். அதன் வேர்களில் பாதி இன்னும் மண்ணில் இருந்ததால், கிடந்த தண்டின் மேற்புறத்தில் வரிசையாகப் புதுத் தளிர்கள் நின்றன. இப்படிச் சாய்ந்த மரங்களைப் பட்டுப்போனவை என்று எண்ணி, அவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள்.

பாலையோடு நாவல், வேம்பு, களா, காசா, காட்டு எலுமிச்சை ஆகியவையும் கலந்து நிற்கும். கோடையில் பாலைப்பழம் மஞ்சளாகப் பழுத்து உதிரும்போது குரங்குகள் மேலே உலுக்க, கீழே புள்ளிமான்கள் பொறுக்கித் தின்பதைப் பார்க்கலாம். அவற்றின் உணவு அது. சரணாலயத்திற்குள் பழமோ விதையோ எடுப்பது குற்றமும் ஆகும். தழைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தையும் வழியெங்கும் பார்ப்பீர்கள். இலை மெல்லியதாக, முள் நீளமாக இருந்தால் அது வெளியிலிருந்து வந்து புகுந்தது. புல்வெளியை விழுங்கி வெளிமானுக்கு இடமில்லாமல் செய்துகொண்டிருப்பது அதுதான். அதை அகற்றும் பணி நடக்கும் இடத்தில் மரம் வெட்டுகிறார்கள் என்று பதறி வாக்குவாதம் செய்ய வேண்டாம்.

இராமர் பாதம் என்று வழங்கும் சிறு மண்டபம், இக்காட்டின் உயரமான மணல் மேடுகளில் ஒன்றின் மேல் இருக்கிறது. ஏறிப் பார்த்தால் காட்டின் தலைப்பரப்பு முழுவதும் கடற்காற்று வெட்டிச் சீர் செய்தது போல ஒரே மட்டமாகத் தெரியும். வழிபாட்டிடம் என்பதால் காலணியைக் கீழே விட்டுச் செல்ல வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மணல் சுடும்.

9. மான்களை அணுகும் முறை

இங்கே இரண்டு வகையுண்டு. புள்ளிமான் மர நிழலையும் காட்டு விளிம்பையும் விரும்புவது; அதன் கொம்பு கிளைவிட்டது, ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. வெளிமான் பெயருக்கேற்ப வெட்டவெளியில் வாழ்வது. அதன் கொம்பு கிளைவிடாமல் முறுக்கிக்கொண்டு மேலே போகும், ஒருபோதும் உதிராது. புல்வாய், திருகுமான் என்று சொல்வதும் இதைத்தான். உயிரியல்படி வெளிமான் மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, ஆடு மாடுகளின் குடும்பத்தில் அடங்கும் மறிமான் இனம். கலையின் முதுகு முற்றிய பருவத்தில் கருப்பாகவும் வயிறு வெண்மையாகவும் இருக்கும். பெண்ணான பிணையின் நிறம் வெளிர் பழுப்பு, பெரும்பாலும் கொம்பு இராது.

வெளிமான் கண்ணால்தான் பகையை அறிகிறது, ஓட்டத்தால்தான் தப்புகிறது. ஆகவே அதை நோக்கி நேராக நடக்காதீர்கள். பக்கவாட்டில் விலகிப் போவது போல நடந்து, புதர் ஒன்றின் அருகில் உட்கார்ந்துவிடுங்கள்; காற்று அதன் பக்கத்திலிருந்து உங்கள் முகத்தில் அடிக்குமாறு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் மேய்வதை நிறுத்திவிட்டுத் தலை தூக்கினால் அசையாமல் இருங்கள். மறுபடி தலை குனிந்து மேயத் தொடங்கினால் உங்களை ஏற்றுக்கொண்டது என்று பொருள். நாங்கள் இருபத்தைந்து நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தோம். கருத்த கலை ஒன்று ஒரு காய்ந்த புல் தண்டுக்கு அருகில் வந்து, கண்ணுக்குக் கீழே உள்ள பிளவு போன்ற சுரப்பியை அந்தத் தண்டின் நுனியில் இரண்டு முறை மெதுவாக வைத்து எடுத்தது. தன் எல்லையைக் குறிக்க அது செய்வது இது. அது போன பின் காவலர் அந்தத் தண்டைக் காட்டினார். நுனியில் மிளகளவு கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அதே இடத்தில் புழுக்கைக் குவியலும் இருந்தது. இப்படிக் குவியலைக் கண்டால் அதன் மேல் நடக்காமல் சுற்றிச் செல்லுங்கள், பொறுத்திருந்தால் அதன் சொந்தக்காரனும் வரும்.

புல்லுக்குள் தனியே படுத்திருக்கும் குட்டியைக் கண்டால் தொடாதீர்கள், தூக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். தாய் அதைக் கைவிட்டுவிடவில்லை. மேயப் போகும்போது அப்படி மறைத்துப் படுக்க வைப்பதுதான் அதன் வழக்கம். நீங்கள் சுற்றி நிற்கும் வரை தாய் வராது, நரியும் தெருநாயும் உங்கள் கூட்டத்தைக் கவனித்துவிடும். வீட்டு நாயை எக்காரணம் கொண்டும் அழைத்து வராதீர்கள்.

இங்கே மேயும் குதிரைகள் பழகியவை போலத் தெரிந்தாலும் யாருடைய வீட்டுக் குதிரைகளும் அல்ல. தலைமுறை தலைமுறையாகக் காட்டிலேயே பிறந்து வளர்பவை, பின்புறம் போகாதீர்கள்.

10. உதிர்ந்த கொம்பு

இதைத் தனியாக எழுதக் காரணம், நல்ல எண்ணம் உள்ளவர்களே இதில் மாட்டிக்கொள்வதுதான். புள்ளிமானின் உதிர்ந்த கொம்பு தரையில் கிடந்தால், யாரும் எதையும் கொல்லவில்லையே என்று எண்ணிப் பைக்குள் வைத்துவிடத் தோன்றும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதுவும் அரசின் உடைமை, வைத்திருப்பது குற்றம். வெளிமான் அதே சட்டத்தின் முதல் அட்டவணையில், உச்சப் பாதுகாப்புப் பெற்ற விலங்காக இருக்கிறது. கிடந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொண்டு, காவலரிடம் சொல்லிவிட்டு நகருங்கள். குழந்தைகளின் பையை வெளியே வரும்முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சங்கு, சிப்பி, இறகு எல்லாம் உள்ளே போயிருக்கும்.

11. வெளியே வரும்போது

உள்ளே போனவர்களின் பெயர் எழுதிய பதிவேட்டில் வெளியேறிய நேரத்தையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். அதை மறந்துவிட்டுப் போனால், நீங்கள் வேதாரண்யத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உங்களைக் காட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள். உடன் வந்தவருக்குரிய ஊதியத்தை அங்கேயே கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வண்டியில் ஏறும்முன் காலுறையைக் கழற்றி, கணுக்காலிலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருந்தால் நசுக்காமல், சிறு சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாம்புக்கடியோ வேறு அவசரமோ என்றால் 108-க்கு அழைத்துவிட்டு, அருகிலிருக்கும் வேதாரண்யம் அரசு மருத்துவமனைக்குத் தாமதமின்றிச் செல்லுங்கள்.

காலுறையில் ஒட்டியிருக்கும் முள் விதைகளை அங்கேயே உதறிவிட்டு வாருங்கள். நாங்கள் அப்படிச் செய்துகொண்டிருந்தபோது மணி பத்தேகால். சாலையின் மறுபக்கம் ஒரு குடும்பம் அப்போதுதான் வண்டியை விட்டு இறங்கி, மான் எங்கே என்று கேட்டது. மாலை நான்கரைக்கு மறுபடி வாருங்கள், அதற்குள் வனச்சரக அலுவலகத்தில் சொல்லி வையுங்கள் என்று என் தந்தை அவர்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார்.